இரண்டாவது பொன்னியம்மா

பொன்னியம்மாவின் பெயரை அடித்து நீக்கியது நான். கணிப்பொறி அன்று.

இதை மூன்று ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் முகம் உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ...

'புதுப் பொறி ஒரு பெண்ணை விழுங்கிவிட்டது' என்று எங்கள் பல்கலைக்கழகத்தின் வாசலில் இருந்த தேநீர்க் கடை வரை பேசினார்கள். பொறிக்குப் பசி ஏது? அதற்கு ஊட்டிய கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்கு உத்தரவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நான் நிறையச் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறும். ஆனால் எவ்வளவு சொன்னாலும் அன்று சிவப்புப் பென்சிலைப் பிடித்திருந்தவை என் விரல்கள். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. மறக்க வைக்க நான் முயல்வேன், இடம் கொடுக்காதீர்கள்.

அப்போது நான் முதுகலைத் தமிழ் இலக்கியம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. தேர்வுப் பிரிவில் பகுதிநேர உதவியாளர்களாக மாணவிகள் சிலரை எடுத்தார்கள். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே தகுதி. எனக்கு அது இருந்தது. கல்லூரிகள் அனுப்பும் பெயர்ப்பட்டியல்களைச் சரிபார்த்து, கட்டம் கட்டமாக அச்சிட்ட தாளில் எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து உள்ளே இருப்பவர் விசைகளைத் தட்டுவார். பொறி பதிவெண் கொடுத்து, தேர்வு நுழைவுச்சீட்டை அச்சடிக்கும்.

'உள்ளே' என்றால் குளிரூட்டிய அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் சாம்பசிவம், "சாமி உள்ளேதாம்மா இருக்கு. வேண்டிக்கிட்டுப் போ" என்பார். அவர் சொன்னது கேலிதான் என்றாலும், பொறி வந்த அன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியது உண்மை. பதிவாளர் நாடாவை வெட்டினார். அந்த அறைக்குள் அவர் வந்தது அந்த ஒரு முறைதான். கோடையில் அந்த அறைக்கு அடிக்கடி வந்தவர்கள் உண்டு. மதிய உணவுக்குப் பின் சற்றுக் குளிர்ச்சியாக அமர்வதற்காக!

நிர்வாகத்தைப் பற்றி இன்னும் கேளுங்கள்.

பொறி வருவதற்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பழைய பதிவெண் இருந்தது. சாம்பசிவத்தின் தடித்த பதிவேடுகளில் அந்த எண்களும் அவற்றுக்கு உரியவர்களும் பத்திரமாக இருந்தார்கள். பொறி வந்ததும் பழைய எண்கள் அனைத்தையும் ரத்து செய்தார்கள். புதிய எண்களைப் பொறியே கொடுக்கும். புதுமை என்றால் முழுப் புதுமை! ஓராண்டுக்காவது பதிவேட்டையும் பொறியையும் சேர்த்து நடத்த வேண்டும் என்று சாம்பசிவம் எழுதிக் கொடுத்தார். கோப்பு மேலே போயிற்று. நாற்பது நாள் கழித்துக் கீழே வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பார்த்தேன்.'

பார்த்தேன்... சரி என்றா, இல்லை என்றா? யாரைக் கேட்பது? இதற்கென ஒரு குழு அமைத்திருந்தார்கள். அந்தக் குழு கூடவே இல்லை. கூடாத குழுவிடம் யார் கேட்பது? அடுத்த வாரம் பதிவேடுகளைக் கட்டி, அரக்கு முத்திரையிட்டு, பதிவாளர் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள். அவை வெளியே இருந்தால் பொறியின் மீது நம்பிக்கையின்மை போலத் தெரியுமாம்.

அதே மாதத்தில் பதிவாளர் வெளிமாநிலக் கருத்தரங்கு ஒன்றுக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தெளிவாகப் பிரதி எடுத்துக் கொடுத்தவளும் நானே. வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கணிப்பொறியை ஏற்பதில் நிர்வாகத்தின் பங்கு என்பது பொருள். 'உயர் நிர்வாகத்தின் இடையறாத ஈடுபாடே வெற்றியின் அடித்தளம்' என்ற வரியை இரண்டு இடங்களில் எழுதியிருந்தார். இரண்டு இடங்களிலும் நான் அடிக்கோடிட்டேன். அப்படி அடிக்கோடிடச் சொல்லியிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். மேலிருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சிரித்துக்கொண்டிருக்கும்போது நம் கை என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

சோதனைக்காக அச்சடித்த ஒரு தாளைத் துணைவேந்தரிடம் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரே பெயர் இருமுறை வந்திருந்தது. ஏதோ ஒரு கல்லூரி தன் பட்டியலை இரண்டு தரம் அனுப்பிவிட்டது; அவ்வளவுதான். துணைவேந்தர் "இது என்ன?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் துணைப் பதிவாளருக்கு வேர்த்துவிட்டது. மறுநாளே சுற்றறிக்கை. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகிய நான்கும் ஒத்திருந்தால் அது இரட்டைப் பதிவு; இரண்டாவதை நீக்குக.

எங்களைக் கூட்டி வைத்து அதைத் துணைப் பதிவாளர் வாசித்துக் காட்டினார். சாம்பசிவம் எழுந்து, தம் தெருவிலேயே நான்கு சீனிவாசன்கள் இருப்பதாகச் சொன்னார்.

"நாலு பேரும் ஒரே நாள்ல பொறந்தாங்களா, சாம்பசிவம்?" என்றார் துணைப் பதிவாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் பிறந்த ஓர் ஊரை எனக்குத் தெரியும்.

என் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காட்டில் கலங்கரை விளக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி இருக்கும் மீனவர் குடியிருப்பு. எங்கள் வீடுகளில் பிறந்த தேதியை யாரும் குறித்து வைப்பதில்லை. எந்தப் புயலுக்கு முன், எந்தத் திருவிழாவுக்குப் பின் என்று சொல்வார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவார். ஆகவே நாங்கள் அனைவரும் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்.

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை வைப்பது வழக்கம். தேசப்பன் என்ற ஒரு மனிதருக்கு இரண்டு மகன்கள் இருந்தால், அந்த இருவருடைய மூத்த பிள்ளைகளும் தேசப்பன்கள்தாம். அம்மன் கோயில் தேர் ஓடிய ஆண்டில் பெண் பிறந்தால் பொன்னியம்மா. அப்படித்தான் எங்கள் குப்பத்தில் இரண்டு தேசப்பன்களுக்கு ஒரே ஆண்டில் இரண்டு பொன்னியம்மாக்கள் பிறந்தார்கள். ஊருக்குள் குழப்பமே இல்லை. கிணற்றருகே வீடு உள்ளவர் கிணத்தடித் தேசப்பன். கலங்கரை விளக்கத்தருகே இருப்பவர் வெளக்கடித் தேசப்பன். பெண்களும் அப்படியே. கிணத்தடிப் பொன்னி, வெளக்கடிப் பொன்னி. கட்டத்தாளில்தான் கிணற்றுக்கும் விளக்குக்கும் கட்டம் இல்லை.

பெண்ணைத் தனியே வெளியூருக்குப் படிக்க அனுப்ப இரண்டு தகப்பன்மாருக்கும் மனமில்லை. இருவரும் சேர்ந்து போவதென்றால் சரி என்றார்கள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே வரலாற்றுப் பாடம். அந்த இரண்டு விண்ணப்பங்களையும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான்! ஜூன் முதல் தேதியை இரண்டு தாள்களிலும் எழுதிய அதே கை...

வெளக்கடிப் பொன்னிக்கு ஒரு கெடு இருந்தது. அவளுக்கு ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும். எங்கள் குப்பத்துப் பள்ளியிலேயே வேலை பார்க்க வேண்டும். அவள் தந்தை ஒப்புக்கொண்டிருந்தார், இந்த ஏப்ரலில் பட்டம் முடித்துவிட்டால். முடிக்காவிட்டால் காத்திருக்கும் சம்பந்தத்தை முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கெட்டவர் அல்லர். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இது எனக்குத் தெரியும். இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள்.

விடுதியில் சேர்ந்த முதல் வாரம், என் பெட்டியில் அம்மா வைத்து அனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. அறைத்தோழி ஒருத்தி கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரோ குப்பத்துப் பெண் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறாள் என்றாள். மற்ற இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நானும் பொத்திக்கொண்டேன்.

அன்று மாலையே பொட்டலத்தைச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். எந்த ஊர் என்று கேட்டபோது திருப்பாலைவனம் என்றேன். எங்கள் பேருந்து கடந்து போகும் ஊர் அது. கோயிலும் நெல்வயலும் உள்ள ஊர். நெல்லுக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பிறகு விடுதிப் படிவத்தில், நூலக அட்டையில், வேலைக்கான விண்ணப்பத்தில் எல்லாம் அதையே எழுதினேன். ஒரு பொய்யை எழுதுவது முதல் முறைதான் கடினம். அப்புறம் அது முகவரி ஆகிவிடுகிறது.

மார்ச் மாதத்தில் அந்தக் கல்லூரியின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. வரலாற்று மாணவிகளின் வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். பொன்னியம்மா, தேசப்பன் மகள், ஜூன் முதல் தேதி, லைட்ஹவுஸ் குப்பம். மீண்டும் பொன்னியம்மா, தேசப்பன் மகள், ஜூன் முதல் தேதி, லைட்ஹவுஸ் குப்பம். இரண்டின் ஓரத்திலும் ரத்தாகிப்போன பழைய எண்கள், பயனற்று.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு ஆசை இருக்கிறது, கவனியுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு துணைப் பதிவாளரிடம் போனேன். இவர்கள் இரு வேறு பெண்களாக இருக்கக்கூடும், கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றேன். 'இருக்கக்கூடும்' என்றேன்! என் கையால் விண்ணப்பம் நிரப்பிய பெண்களை!

அவர் தலையை நிமிர்த்தாமல், கடிதம் போய்ப் பதில் வரப் பத்து நாள் ஆகும், வெள்ளிக்கிழமை துணைவேந்தர் முன்னிலையில் முதல் நுழைவுச்சீட்டை அச்சடிக்கும் விழா, அழைப்பிதழே போய்விட்டது என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருன்னு உனக்கு எப்படிம்மா தோணுது? அது உன் ஊரா?"

இதோ, உங்கள் முன்னால் வைக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல் போதும். ஆம். அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பக்கங்களை நீங்கள் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

"இல்லை, சார். எனக்குத் திருப்பாலைவனம்."

"அது நெல்லு வெளையுற ஊராச்சே. உனக்கும் அந்தக் குப்பத்துக்கும் என்ன? சுற்றறிக்கையில இருக்கறபடி அடிச்சுடு."

மேசைக்குத் திரும்பினேன். அளவுகோலை வைத்தேன். ஆம், அளவுகோலை வைத்து நேராகக் கோடு போட்டேன். எனக்குக் கோணல் கோடு பிடிக்காது. இரண்டாவது வரி. அது கிணத்தடிப் பொன்னியா வெளக்கடிப் பொன்னியா என்று பார்க்க எனக்கு வழியில்லை. எவளாயினும் ஒருத்தி போவாள் என்று தெரிந்தே போட்டேன். கல்லூரியில் எப்படியும் கண்டுபிடிப்பார்கள், அவர்கள் எழுதிக் கேட்பார்கள், அப்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலிடம் பார்த்துக்கொள்ளும்! கூடாத குழு, 'பார்த்தேன்' என்று எழுதும் மேலிடம். யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவர்கள் மீது அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

வெள்ளிக்கிழமை விழா நடக்கவில்லை. துணைவேந்தருக்கு வேறு வேலை வந்துவிட்டது. விழா நடக்காமல் சீட்டுகளை அனுப்பக் கூடாதாம். மூன்று வாரம் அவை கட்டுக் கட்டாக அந்தக் குளிர்ந்த அறையில் கிடந்தன. மூன்று வாரம்! ஒரு கடிதம் போய் வரப் பத்து நாள் இல்லை என்றவர்களுக்கு! கடைசியில் விழாவை நடத்தி, தேர்வுக்கு முந்தின நாள் காலையில்தான் அந்தக் கல்லூரிக்குச் சீட்டுகள் போய்ச் சேர்ந்தன.

அன்று பிற்பகல் வெளக்கடித் தேசப்பனும் அவர் மகளும் தேர்வுப் பிரிவின் முன் வந்து நின்றார்கள்.

கல்லூரியில் பொன்னியம்மா என்று ஒரு சீட்டுதான் வந்திருக்கிறது. கிணத்தடிப் பொன்னி முதலில் போய் வாங்கிக்கொண்டு தேர்வு மையம் இருந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். கல்லூரி எழுத்தர் கையை விரித்து, பல்கலைக்கழகத்துக்குப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறார். தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடிப்பின் கோடுகள் அப்படியே இருந்தன. பொன்னி தன் சென்ற ஆண்டு நுழைவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தாள். நான் அலமாரியை ஒட்டி, அவர்கள் பார்வைக்குச் சற்றே விலகி நின்றேன்.

துணைப் பதிவாளர் அச்சுத்தாளை விரித்துப் பார்த்தார். பெயர் இருக்கிறது, சீட்டு போயாகிவிட்டது என்றார். அது கிணத்தடியான் பெண்ணுக்கு, இது என் பெண் என்றார் தேசப்பன். துணைப் பதிவாளருக்குக் கோபம் வந்தது. ஒரே பெயர், ஒரே தந்தை, ஒரே பிறந்த நாள், இதை நான் நம்ப வேண்டுமா, இரண்டு சீட்டு வாங்கி ஆள் மாற்றித் தேர்வு எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லையா என்றார். பழைய எண்ணைக் காட்டினாள் பொன்னி. அந்த எண்கள் ரத்து என்றார். பழைய பதிவேட்டைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றார் சாம்பசிவம். திறக்கப் பதிவாளரின் உத்தரவு வேண்டும். பதிவாளர் ஊரில் இல்லை. கருத்தரங்கில், நிர்வாகத்தின் இடையறாத ஈடுபாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்!

சாம்பசிவம் விடவில்லை. அவருடைய அலமாரியில் எழுதாத பழைய சீட்டுகள் ஒரு கட்டு இருந்தது.

"இங்க வேலை பார்க்கறவங்க யாராவது ஒருத்தர், 'இவங்களை எனக்குத் தெரியும், ரெண்டும் வேற வேற ஆளு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும் சார். நான் கையால எழுதித் தர்றேன். பொறுப்பு என்னுது."

துணைப் பதிவாளர் சற்று யோசித்தார். அப்படி யாராவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். அவர் ஒப்புக்கொண்டார்! அந்த மனிதர், நான் இத்தனை நேரம் ஏசிக்கொண்டிருக்கும் அந்த மனிதர், அந்த ஒரு நொடியில் வழி விட்டார்.

அப்போதுதான் தேசப்பன் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கடலில் வழி தவறியவனுக்குக் கரை விளக்கு தெரிவது போல என்று எழுத என் கை போகிறது. வேண்டாம், அழகாக எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. அவர் முகம் மலர்ந்தது, அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணக் கேளுங்க சார். அதுக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். பொன்னியும் பார்த்தாள். துணைப் பதிவாளர் புருவத்தை உயர்த்தினார். திருப்பாலைவனம் என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். தெரியுமா என்று கேட்டார்.

நான் சொன்ன வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்.

"பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது, சார்."

பொய்யா? இல்லை. பட்டியலில் ஒரு பெயர்தான் இருந்தது. நான்தானே அப்படி ஆக்கினேன்! என் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக நான் எதையும் சொன்னதில்லை...

தேசப்பனின் முகத்தில் மலர்ந்தது மெல்ல மூடிக்கொண்டது. என் ஊரை அவர் சொல்லவில்லை. என் நைனாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன். துணைப் பதிவாளரைப் பார்த்தே பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"எங்க பாட்டுல ரெண்டு தேசப்பன் கீறோம் சார். ரெண்டு சீட்டு போடுறாங்க. அவன் வராத அன்னிக்கு அவனுக்கு நான் கொரல் குடுப்பேன். நான் வராத அன்னிக்கு எனக்கு அவன் குடுப்பான். இதுக்குப் படிப்பு வேணுமா இன்னா?"

அங்கிருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உங்களுக்கும் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைக் குப்பத்தார் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பெயரை வாசித்ததும் உரியவன் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் வராவிட்டால், அவனை அறிந்தவன் 'அவன் கீறான்' என்று குரல் கொடுப்பான். அந்த ஒரு குரல் போதும்; வராதவனின் முறை அவனுக்கே. அறிந்தவன் அங்கிருந்தும் வாயை மூடிக்கொண்டால், அது திருட்டுக்குச் சமம். பிறகு அந்த மனிதனை எந்தத் தோணியிலும் ஏற்ற மாட்டார்கள்.

பொறி இல்லை, சுற்றறிக்கை இல்லை, குளிரூட்டிய அறை இல்லை. இரண்டு தேசப்பன்களை ஒருவனாக்காமல் காப்பாற்ற எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவள் நான் ஒருத்தி அந்த அறையில் இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"வா புள்ள" என்று அவர் மகளை அழைத்துக்கொண்டு போனார். சாம்பசிவம் அலமாரியைப் பூட்டினார். சாவி பூட்டுக்குள் இரண்டு முறை சுழன்ற ஓசை...

விடைத்தாள் திருத்தும் பணியெல்லாம் முடிந்து மே மாதத்தில் ஊருக்குப் போனேன். பொன்னி கரையில் உட்கார்ந்து, காயப்போட்ட இறாலில் கல்லும் தூசும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்டோபரில் எழுதலாம் என்று கல்லூரியில் சொன்னார்களாம். மாப்பிள்ளை வீட்டார் அக்டோபர் வரை காத்திருக்க மாட்டார்கள். ஆவணியில் திருமணம், ஏரிக்கு வடக்கே, தெலுங்குக் கரையில் வீடு.

"இன்னா யக்கா, இப்புடி எளச்சிப்பூட்ட? ஆஸ்டல்ல சோறு போடலியா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பேருந்தில் வாக்கியங்களை அடுக்கிக்கூட வைத்திருந்தேன். எல்லாம் இலக்கண சுத்தமான வாக்கியங்கள்.

அவளே பேசினாள். கை பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நடந்தத நெனச்சி நீ ஒண்ணும் மனசு ஒடையாத. மிசினு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? நீ எதுனா சொல்லிருந்தா உன் வேல பூடும். நைனாவும் அதான் சொன்னாரு. 'அதுவே ஒண்டியா அங்க கீது, அதயும் ஏன் நாம இழுத்து உடணும்'னு."

மன்னித்துவிட்டார்கள்! நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக என்னை மன்னித்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம்... எவ்வளவு கௌரவமான குற்றம் அது! அதை எனக்கு உடுத்திவிட்டு அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த உடையை நான் அவிழ்க்கவில்லை. சிவப்புப் பென்சிலைப் பற்றிச் சொல்லவில்லை. அளவுகோலைப் பற்றிச் சொல்லவில்லை. 'அது உன் ஊரா' என்ற கேள்விக்கு என்ன விடை சொன்னேன் என்று சொல்லவில்லை.

புறப்படும்போது ஒரு பொட்டலம் கொடுத்தாள். காய்ந்த இறால். விடுதியில் பிள்ளைகளோடு சாப்பிடச் சொன்னாள். அந்தப் பொட்டலத்தை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பேருந்து இருக்கையின் அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். அதையும் செய்தேன்.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? விசாரணை நடத்தியது. இம்முறை ஒரு குழு உண்மையாகவே கூடியது. தேநீரும் பிஸ்கட்டும் உள்ளே போனதை நான் பார்த்தேன். பெயர்ப்பட்டியலைத் தெளிவின்றித் தயாரித்ததற்காகக் கல்லூரி எழுத்தரிடம் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பெண்களின் பெயர்களையும் சரியாக எழுதிய ஒரே மனிதர் அவர்! துணைப் பதிவாளருக்குப் பதவி உயர்வு வந்தது. சாம்பசிவம் மாற்றல் வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். போகும்போது என் மேசையருகே ஒரு கணம் நின்று, சிவப்புப் பென்சிலைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். என் கட்டத்தாள்களில் ஓர் இரட்டைப் பதிவுகூட இல்லாததற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெட்டியின் அடியில் கிடக்கிறது. கிழிக்கலாம். கிழித்தால் ஏதோ செய்துவிட்டதாக எனக்குத் தோன்றிவிடும், அதனால் கிழிக்கவில்லை.

அந்தச் சுற்றறிக்கை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நான்கும் ஒத்திருந்தால் இரண்டாவதை நீக்குக. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப் பட்டியல்கள் வருகின்றன. யாரிடமாவது சொல்ல வேண்டாமா? நிர்வாகத்தைக் குறை சொல்கிறேனே, அந்த விதியை மாற்றச் சொல்லி ஒரு தாளில் நான்கு வரி எழுதினேனா? எழுதவில்லை. எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

சென்ற மாதம் ஆய்வுப் படிப்பில் பதிவு செய்துகொள்ளப் போனேன். இப்போது எல்லாவற்றையும் பொறியே அச்சடித்துக் கொடுக்கிறது. நாம் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும். என் பெயர் சரி. நைனாவின் பெயர் சரி. பிறந்த தேதி ஜூன் முதல் தேதி. ஊர்: திருப்பாலைவனம்.

நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய், ஊர்ப் பெயர் தவறாக இருக்கிறது, திருத்த வேண்டும் என்று சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டேன்! மூன்றாண்டுக்குப் பின்...

சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் தம் மேலாளரைக் கேட்டார். மேலாளர் இன்னொருவரைத் தொலைபேசியில் கேட்டார். பொறியில் ஏறிய விவரத்தைத் திருத்துவதற்குப் படிவம் எதுவும் இல்லையாம். அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் இதுவரை முடிவெடுக்கவில்லையாம். வேண்டுமானால் பதிவாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், எப்படி இந்தத் தவறு நேர்ந்தது என்று காரணத்தையும் எழுதுங்கள் என்றார்.

அங்கேயே ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார்.

நான் அந்த வெள்ளைத்தாளைப் பார்த்தேன். பரவாயில்லை, இருக்கட்டும் என்றேன். திருப்பாலைவனத்தின் கீழே கையெழுத்திட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிவம் இல்லை என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூச்சு லேசாயிற்று.